காக்கும் கைகள்

கல் நிலைக்கும், மரம் மக்கும். இஃது உலகோர் அறிந்த உண்மை. மழையும் வெயிலும் மரத்தை அரிக்கும். பூச்சிகள் அதனைத் துளைக்கும். தீயோ ஓர் இரவில் அதனைச் சாம்பலாக்கிவிடும். ஆயினும், மரத்தைக் கொண்டே கோட்டையும் கோயிலும் ஊரும் சமைத்து, அவற்றைப் பல நூற்றாண்டுகளாகப் போற்றி வரும் நாடு ஒன்று உண்டு. அதுவே ஜப்பான். நிலநடுக்கமும் கடும்புயலும் அந்நாட்டிற்குப் புதியன அல்ல. அத்தகைய மண்ணில் மரத்தாலாகிய மாளிகை நானூறு ஆண்டுகள் நிற்பது எவ்வாறு? இவ்வினாவை நெஞ்சில் தாங்கி, ஆண்டின் இலையுதிர் காலத் தொடக்கத்தில் பயணி ஒருவர் அந்நாட்டின் பழம்பெரும் இடங்களைக் காணப் புறப்பட்டார்.

அவர் முதலில் சென்ற ஊர் ஹிமேஜி. அஃது ஒசாகா நகருக்கு மேற்கே உள்ளது. புகைவண்டி நிலையத்தை விட்டு வெளியே வந்தவுடன், நேரே செல்லும் அகன்ற வீதியின் முடிவில் கோட்டை தோன்றியது. உயர்ந்த கல்மேடையின்மீது, வெண்சுதை பூசிய சுவர்களும் அடுக்கடுக்கான கூரைகளும் கொண்டு அது விளங்கியது. சிறகு விரிக்கும் வெண்ணாரையைப் போன்று அது காட்சியளித்தது. அதனாலன்றோ அந்நாட்டு மக்கள் அதனை 'வெண்ணாரைக் கோட்டை' என்று அழைக்கின்றனர்! கல்மேடை ஏறத்தாழ 15 மீட்டர் உயரம். அதன்மேல் நிற்கும் மாடக்கோபுரம் 31 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். இக்கெடா தெருமாசா என்னும் தலைவர் 1601ஆம் ஆண்டு தொடங்கி 1609ஆம் ஆண்டில் இதனைக் கட்டி முடித்தார்.

அழகிய தோற்றம் கொண்டதாயினும், அது போருக்காக எழுந்த கோட்டையே ஆகும். கோபுரம் கண்ணெதிரே தெரியினும், அதனை அடையும் வழியோ வளைந்து வளைந்து செல்கிறது. ஒரு வாயிலைக் கடந்தால் மற்றொரு வாயில்; அதனைக் கடந்தால் எதிர்த்திசையில் திரும்பும் பாதை. சுவர்களில் வட்டமாகவும் முக்கோணமாகவும் நீள்சதுரமாகவும் துளைகள் உள்ளன. அவற்றின் வழியே அம்பும் குண்டும் பாயும். இத்துணை ஏற்பாடுகள் இருந்தும், தெருமாசா கட்டிய அக்கோட்டையைப் பகைவர் எவரும் முற்றுகையிட்டதில்லை. அதனைச் சூழ்ந்த பேரிடர்கள் பிற்காலத்தில் வேறு வடிவில் வந்தன.

பயணி செங்குத்தான மரப்படிகளில் ஏறி உள்ளே சென்றார். வெளியே ஐந்து அடுக்காகத் தோன்றும் அக்கோபுரம், உள்ளே ஆறு நிலைகளும் ஒரு நிலவறையும் உடையது. கீழிருந்து மேல் நோக்கி, பல நிலைகளையும் ஊடுருவிச் செல்லும் இரு பெருந்தூண்கள் அதனைத் தாங்குகின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 மீட்டர் நீளம் கொண்டது. பயணி அத்தூண்களைத் தொட்டுப் பார்த்து வியந்தார்.

"இவை நானூறு ஆண்டுப் பழமை உடையவை அல்லவா?" என்று அவர் அங்கு நின்ற வழிகாட்டியை வினவினார்.

"கிழக்குத் தூண் பழையது, ஐயா. மேற்குத் தூண் பழையது அன்று" என்று வழிகாட்டி புன்னகையுடன் விடையிறுத்தார்.

1956ஆம் ஆண்டு முதல் 1964ஆம் ஆண்டு வரை அக்கோபுரம் முழுவதையும் பிரித்து, பழுது பார்த்து, மீண்டும் பூட்டினர். அப்போது மேற்குத் தூண் உளுத்திருந்தது தெரிந்தது. அதற்கு ஈடாகக் கிசோ மலைக்காட்டிலிருந்து கொண்டுவந்த பெருமரம் வழியிலேயே முறிந்துவிட்டது. தச்சர்கள் மனம் தளரவில்லை. இரு மரங்களை இணைத்து ஒரே தூணாக்கி நிறுத்தினர். கோபுரத்தின் பாரத்தால் அடிநிலம் தாழ்ந்திருந்தமையால், கண்ணுக்குத் தெரியாத அடித்தளத்தைக் கான்கிரீட்டால் வலுப்படுத்தினர். 2009ஆம் ஆண்டு தொடங்கி மற்றொரு பெரும்பணி நடந்தது. கூரை ஓடுகளைப் பெயர்த்து அடுக்கிச் சுதை பூசினர். 2015ஆம் ஆண்டில் கோபுரம் மீண்டும் திறக்கப்பட்டபோது, அதன் வெண்மை கண்டு மக்கள் திகைத்தனர். பழைய கோட்டை இத்துணைப் புதிதாய்த் தோன்றலாமோ என்று ஐயுற்றவரும் உண்டு. ஆயினும், கட்டியவர் காலத்தில் அதன் நிறம் அதுவேயாகும். காலத்தின் அழுக்கையே மக்கள் அதன் நிறமாகக் கண்டு பழகியிருந்தனர்.

அக்கோட்டை பிழைத்த வரலாற்றையும் வழிகாட்டி கூறினார். 1868ஆம் ஆண்டிற்குப் பின்னர், ஜப்பானில் பழைய படைத்தலைவர்களின் ஆட்சி ஒழிந்து புதிய அரசு அமைந்தது. புதுமை வேட்கை மிகுந்த அக்காலத்தில், கோட்டைகள் கடந்துபோன காலத்தின் வீண் சுமைகளாகக் கருதப்பட்டன. 1873ஆம் ஆண்டில் பல கோட்டைகளைக் கைவிட அரசு ஆணையிட்டது. பல கோபுரங்கள் இடிக்கப்பட்டன. அவற்றின் மரமும் கல்லும் விலை போயின. அந்நிலையில், 1878ஆம் ஆண்டில் நாக்கமுரா சிகெத்தோ என்னும் படையதிகாரி, ஹிமேஜி, நகோயா ஆகிய இரு கோட்டைகளையும் காத்தல் வேண்டும் என்று மேலிடத்திற்கு விண்ணப்பம் எழுதினார். அவ்விண்ணப்பம் பயன் தந்தது. இன்று அவருடைய நினைவுக்கல் ஹிமேஜிக் கோட்டைக்குள் நிற்கின்றது. போர்க்கருவி ஏந்திய கையும் எழுதுகோல் ஏந்தி ஒரு கலைச்செல்வத்தைக் காத்தது!

பின்னர் 1945ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வான்படைத் தாக்குதலால் ஹிமேஜி நகரின் பெரும்பகுதி எரிந்தது. வெண்கோட்டை பகைவர் கண்ணுக்குப் புலனாகாதவாறு, கருநிற வலைகளால் அதனை முன்னரே மூடியிருந்தனர். கோபுரத்தில் விழுந்த தீக்குண்டு ஒன்று வெடிக்கவில்லை. மறுநாள் காலை, சாம்பல் மேடான நகரின் நடுவே கோட்டை நின்றது. வீடிழந்த மக்கள் அதனைக் கண்டு கண்ணீர் விட்டனர் என்பர். 1993ஆம் ஆண்டில் அக்கோட்டை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது.

நாக்கமுராவின் விண்ணப்பம் காத்த மற்றொரு கோட்டைக்கு அத்தகைய நல்வாய்ப்பு அமையவில்லை. நகோயாவில் 1612ஆம் ஆண்டில் எழுந்த பெருங்கோபுரம், 1945ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் நிகழ்ந்த தாக்குதலில் எரிந்துபோயிற்று. அதன் உச்சியில் புலித்தலையும் மீனுடலும் கொண்ட இரு பொன்னுருவங்கள் இருந்தன. அவை தீயினின்று காக்கும் என்பது முன்னோர் நம்பிக்கை. அவையும் அத்தீயில் உருகின.

பயணி இன்று நகோயாவில் காணும் கோபுரம், குடிமக்கள் மனமுவந்து வழங்கிய நன்கொடையின் துணையோடு 1959ஆம் ஆண்டில் கட்டப்பட்டதாகும். வடிவம் பழையது, உடலோ கான்கிரீட்டும் இரும்பும். போரினால் நொந்திருந்த மக்களுக்குத் தங்கள் நகரின் அடையாளத்தை மீண்டும் காண்பதே பேராறுதலாய் இருந்தது. மீண்டும் எரியாத பொருளை அவர்கள் நாடியதில் வியப்பில்லை. ஆனால், கான்கிரீட்டுக்கும் முதுமை உண்டு. பெரிய நிலநடுக்கத்தைத் தாங்கும் வலிமை அதற்கு இல்லை என்பதால், 2018ஆம் ஆண்டில் அக்கோபுரத்தினுள் மக்கள் செல்வது நிறுத்தப்பட்டது. அதனைப் பழையபடி மரத்தாலேயே கட்டுவதென்று நகரத்தார் திட்டமிட்டனர். அப்போது ஒரு வழக்கு எழுந்தது. பழமை மாறாமல் கட்டுவதாயின் செங்குத்தான படிகளே அமையும், மின்தூக்கி இராது. அவ்வாறாயின் முதியோரும் நடக்க இயலாதோரும் மேலே செல்வது எங்ஙனம்? பழமையின் உண்மை பெரிதா, எல்லாரும் காணும் உரிமை பெரிதா? இவ்வினா எளிதில் தீர்வது அன்று. முன்னோர் செல்வத்தைக் காப்போர், இன்று வாழ்வோரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதைப் பயணி அங்கு உணர்ந்தார்.

அக்கோபுரத்தின் அருகே உள்ள அரண்மனை அவருக்கு வேறொரு பாடம் கற்பித்தது. அதுவும் 1945இல் எரிந்ததே. ஆனால், 1930ஆம் ஆண்டுகளிலேயே அறிஞர்கள் அதனை அளந்து வரைபடங்கள் தீட்டியிருந்தனர், நிழற்படங்கள் எடுத்திருந்தனர். சுவர்த் தட்டிகளில் இருந்த ஓவியங்கள் பலவற்றைக் கழற்றி முன்னரே பாதுகாப்பான இடத்தில் வைத்திருந்தனர். அவற்றின் துணைகொண்டு 2009ஆம் ஆண்டு முதல் 2018ஆம் ஆண்டு வரை அரண்மனை மரத்தால் மீண்டும் எழுப்பப்பட்டது. தீ கட்டடத்தை விழுங்கியது. முன்னறிவோடு உழைத்தவர்களின் அறிவுச் செல்வத்தை அதனால் விழுங்க இயலவில்லை.

நகோயாவிலிருந்து புகைவண்டி வடகிழக்கே மலைகளினூடே செல்கிறது. அவ்வழியே சென்ற பயணி, உயர்ந்த மலைத்தொடர்களின் அடியில் அமைந்த மட்சுமோட்டோ நகரை அடைந்தார். ஹிமேஜிக் கோட்டை வெண்ணாரை எனில், மட்சுமோட்டோக் கோட்டையைக் கருங்காகம் எனலாம். அதன் சுவர்களில் வேய்ந்த மரப்பலகைகள் கருநிற அரக்குப் பூச்சினால் பளபளக்கின்றன. அகழி நீரில் அதன் நிழல் தலைகீழாய் ஆடும் காட்சி, காண்போர் கண்ணையும் கருத்தையும் கவர்கின்றது.

இக்கோட்டையின் கதையில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர் இடம்பெறுகின்றார். 1872ஆம் ஆண்டில் இக்கோபுரம் ஏலத்தில் விற்கப்பட்டது. வாங்கியவர் அதனை இடித்து மரத்தைக் கொண்டுபோக இருந்தார். அப்போது இச்சிக்காவா ரியோசோ என்னும் ஊர்ப் பெரியவர் முன்வந்து, இடிப்பதைச் சிறிது காலம் தள்ளிவைக்குமாறு வேண்டினார். கோபுரத்தினுள்ளேயே பொருட்காட்சிகளை நடத்தினார். மக்கள் திரண்டு வந்தனர். அதனால் கிடைத்த பொருளைக் கொண்டு கோபுரம் மீட்கப்பட்டது.

ஆயினும், மீட்ட பின்னர் அதனைப் பேணுவார் இல்லை. ஆண்டுகள் பல சென்றன. கூரை ஒழுகியது, தூண்கள் உளுத்தன, கோபுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்நகரின் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராய் விளங்கிய கோபயாஷி உனாரி இதனைக் கண்டு மனம் வருந்தினார். வருந்தியதோடு நில்லாமல், கோபுரத்தைக் காக்கும் சங்கம் ஒன்றை 1901ஆம் ஆண்டில் அமைக்கத் துணைநின்றார், பொருள் திரட்டினார். 1903ஆம் ஆண்டில் தொடங்கிய பணி 1913ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. சாய்ந்த கோபுரம் நிமிர்ந்தது. ஏலம் எடுத்தவனுக்கு விறகாகத் தோன்றிய கட்டடம், ஆசிரியர் ஒருவருக்கு ஊரின் உயிராகத் தோன்றியது. அரசர் கட்டியதை மக்கள் காத்தனர். அதனால் அது மக்களின் கோட்டையாயிற்று.

பயணி சென்ற வேளையில், தொழிலாளர் சிலர் சாரத்தின்மீது அமர்ந்து பலகைகளுக்கு அரக்குப் பூசிக்கொண்டிருந்தனர். ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் இப்பணி நடைபெறும். ஓராண்டு வெயிலிலும் மழையிலும் பூச்சு மங்கும். மங்கியதை மறு ஆண்டு மீண்டும் பூசுவர். முடிவில்லாத அப்பணியைச் சலிப்பின்றிச் செய்யும் அக்கைகளைப் பயணி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மட்சுமோட்டோவிலிருந்து தெற்கே திரும்பும் வழியில் கிசோப் பள்ளத்தாக்கு உள்ளது. முற்காலத்தில் எடோ எனப்பட்ட இன்றைய டோக்கியோவையும் கியோட்டோவையும் இணைத்த பெருவழிகளுள் ஒன்று இம்மலைகளினூடே சென்றது. 'நகாசெண்டோ' என்பது அதன் பெயர். அவ்வழியில் பயணிகள் தங்கிச் செல்ல 69 நிலைகள் இருந்தன. அவற்றுள் 42ஆவது சுமாகோ என்னும் சிற்றூர். பயணி மலைவழியே கால்நடையாக அவ்வூரை அடைந்தார். ஒரே நீண்ட தெரு. இருமருங்கும் முதுமையால் கறுத்த மரவீடுகள். நுண்ணிய மரச்சட்டங்களால் அமைந்த சாளரங்கள். வாயிலில் தொங்கும் காகித விளக்குகள். தெருவில் மின்கம்பியும் இல்லை; பகற்பொழுதில் உந்துவண்டியும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருப்புப்பாதை வேறு வழியாகச் சென்றமையால், சுமாகோவில் தங்குவார் இல்லாது போயினர். இளைஞர் வேலை தேடி நகரங்களுக்குச் சென்றனர். ஊர் வறுமையுற்றது. அவ்வறுமையே ஒருவகையில் பழைய வீடுகளைக் காத்தது எனலாம். புதிய வீடு கட்டப் பொருள் இல்லை. ஆனால், வறுமை காத்ததை வறுமையே அழித்தலும் கூடும். இதனை உணர்ந்த ஊரார், 1968ஆம் ஆண்டில் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தனர். வீடுகளை ஒவ்வொன்றாகச் செப்பம் செய்தனர். 1971ஆம் ஆண்டில் மூன்று உறுதிமொழிகளை மேற்கொண்டனர். வீட்டை விற்பதில்லை, பிறருக்கு வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்பவையே அவை. வெளியார் பொருள் கொட்டி வாங்கினால் ஊர் வெறுங்கடைத்தெருவாகிவிடும் என்று அவர்கள் அஞ்சினர். 1976ஆம் ஆண்டில் அரசும் அவ்வூரைப் பாதுகாக்கத்தக்க பழம்பெரும் ஊர்களுள் ஒன்றாக ஏற்றது.

அன்றிரவு பயணி ஒரு பழைய விடுதியில் தங்கினார். விடுதியை நடத்திய மூதாட்டி தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"அம்மையே, இவ்வீடு எத்துணை ஆண்டுப் பழமை உடையது?" என்று பயணி வினவினார்.

மூதாட்டி சற்றே எண்ணிப் பார்த்தார். "தூண்கள் என் பாட்டனாரின் பாட்டனார் காலத்தவை. கூரைப் பலகைகளை என் தந்தையார் மாற்றினார். இந்தத் தட்டிக் கதவின் காகிதத்தைச் சென்ற திங்களில்தான் நான் ஒட்டினேன். இவற்றுள் எதன் ஆண்டைத் தங்களுக்குச் சொல்வது?" என்றார்.

பயணி விடை கூறவில்லை. தம் வினாவிற்கே விடை கிடைத்துவிட்டது போன்று அவருக்குத் தோன்றியது.

மறுநாள் அவர் அவ்வூரைச் சூழ்ந்த காட்டைக் கண்டார். கிசோ மலைகளில் வளரும் 'ஹினோக்கி' என்னும் மரம் புகழ் வாய்ந்தது. நேராக வளர்வது, நறுமணம் உடையது, எளிதில் உளுத்துப் போகாதது. பதினேழாம் நூற்றாண்டில் கோட்டைகளும் நகரங்களும் பெருகியபோது, அம்மரங்களைப் பெருவாரியாக வெட்டினர். காடு வெறுமையாயிற்று. பின்னர் ஆட்சியாளர் கடுஞ்சட்டம் இயற்றினர். 'ஒரு மரத்திற்கு ஒரு தலை' என்று அதன் கடுமையை மக்கள் குறிப்பிட்டனர். மரத்தை வெட்டியவன் தலை தப்பாது என்பது அதன் பொருள். மலைவாழ் மக்கள் தங்கள் வீட்டருகே நின்ற மரத்தையும் தொட இயலாது துன்புற்றனர். காடு மீண்டது, ஆயினும் அது மீண்டதற்கு எளியோர் கொடுத்த விலை பெரிது. இன்று நாம் வியந்து காணும் பெருந்தூண்களில் அவர்தம் துன்பமும் கலந்திருக்கின்றது.

கிசோ மரங்கள் இறுதியாகச் செல்லும் இடங்களுள் தலையாயது இசே. பயணியும் அங்கேயே தம் பயணத்தை நிறைவு செய்தார். ஜப்பானியர் தங்கள் கோயில்களுள் முதன்மையானதாகப் போற்றும் இசேக் கோயிலின் உட்பகுதி, கதிரவன் தெய்வமாகிய அமத்தெராசுவுக்கு உரியது. இசுசு ஆற்றின்மீது அமைந்த மரப்பாலத்தைக் கடந்து, வானளாவிய மரங்களினூடே பரற்கற்கள் பரப்பிய பாதையில் நடந்து சென்றால் கோயிலை அடையலாம். அங்கு வண்ணமும் இல்லை, பெருஞ்சிலைகளும் இல்லை. நிலத்தில் நேராக நட்ட மரத்தூண்கள். புல் வேய்ந்த கூரை. அடுத்தடுத்த வேலிகளுக்கு அப்பால் கூரையின் மேற்பகுதி மட்டுமே புலப்படுகின்றது. வந்தோர் தலைவணங்கி, கைதட்டி, மீண்டும் வணங்கிச் செல்கின்றனர்.

இக்கோயிலை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை முற்றிலும் புதிதாகக் கட்டுகின்றனர். பழைய கோயிலின் அருகிலேயே அதே அளவுள்ள வெற்றிடம் ஒன்று உண்டு. அவ்விடத்தில், பழையதன் அளவு சிறிதும் பிறழாமல் புதிய கோயில் எழும். பின்னர்ப் பழையதைப் பிரித்துவிடுவர். கோயிலுக்குரிய ஆடை, வாள், அணிகலன் முதலியவற்றையும் புதிதாகச் செய்வர். அவை 714 வகை, 1,576 பொருள்கள் ஆகும். இவ்வழக்கம் 690ஆம் ஆண்டில் தொடங்கியது. உள்நாட்டுப் போர்கள் மலிந்த பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் நூறு ஆண்டுகளுக்கு மேல் தடைப்பட்டு, மீண்டும் தழைத்தது. 1949ஆம் ஆண்டில் நிகழ வேண்டியது போரின் விளைவால் 1953ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. 2013ஆம் ஆண்டில் நிறைவேறியது 62ஆவது புதுப்பித்தல். அடுத்தது 2033ஆம் ஆண்டில் நிகழும். அதற்குரிய தொடக்கச் சடங்குகள் 2025ஆம் ஆண்டிலேயே நடந்தேறின.

இருபது ஆண்டு என்னும் அளவில் ஒரு நுட்பம் உண்டு. இருபது வயதில் கருவி எடுத்துக் கொடுக்கும் இளந்தச்சன், நாற்பதாம் வயதில் தானே தூண் நிறுத்துவான். அறுபதாம் வயதில் இளைஞர்க்குக் கற்றுக்கொடுப்பான். இவ்வாறு கை மாறாமல் கலை மாறி வருகின்றது என்று கூறுதல் பிழை. கைகள் மாறுகின்றன, கலை மாறவில்லை என்பதே உண்மை. கோயிலின் மரம் இருபது ஆண்டு இளமை உடையது. அதனைச் செய்யும் அறிவோ ஆயிரத்து முந்நூறு ஆண்டு முதுமை உடையது.

பிரித்த மரங்களையும் அவர்கள் வீணாக்குவதில்லை. கோயிலின் முகட்டைத் தாங்கிய பெருந்தூண்கள், ஆற்றுப் பாலத்தின் இருமுனைகளிலும் தோரண வாயில்களாக நிற்கும். மேலும் இருபது ஆண்டுகள் கழிந்தபின், அவை பழம்பெரும் வழியில் உள்ள செக்கி, குவானா என்னும் ஊர்களில் வாயில்களாகத் தொண்டு புரியும்.

மாலையில் பயணி அப்பாலத்தின்மீது நின்று ஆற்றையும் மலையையும் நோக்கினார். கோயிலைச் சூழ்ந்த காட்டில், 1923ஆம் ஆண்டில் வகுத்த திட்டத்தின்படி ஹினோக்கிக் கன்றுகளை நட்டு வளர்த்து வருகின்றனர். அவை பெருந்தூண்கள் ஆவதற்கு இருநூறு ஆண்டுகள் ஆகும். நட்டவர் அம்மரம் தூணாவதைக் காணார், அவர் மகனும் காணான், பேரனும் காணான். எனினும் நட்டனர்.

நானூறு ஆண்டுகள் மரம் நிற்பது எவ்வாறு என்று வினவி வந்தவர் அவர். மரம் தானாக நிற்பதில்லை என்பதை இப்போது தெளிந்தார். விண்ணப்பம் எழுதிய படைவீரர், பொருள் திரட்டிய ஆசிரியர், அரக்குப் பூசும் தொழிலாளர், காகிதம் ஒட்டும் மூதாட்டி, கன்று நட்ட காடு காப்போர் ஆகிய அனைவரும் சேர்ந்தே அதனைத் தாங்கி நிற்கின்றனர். அவர்களுள் ஒருவர் தம் பணியை மறந்திருந்தாலும் எங்கோ ஒரு கூரை சரிந்திருக்கும்.

கதிரவன் மலைக்குப் பின்னே மறைந்தான். பாலத்தின் வாயிலைக் கடக்கும்போது, ஒருகாலத்தில் கோயில் முகட்டைத் தாங்கிய அத்தூணைப் பயணி ஒருமுறை தொட்டார். பின்னர்த் தலைவணங்கி வெளியே நடந்தார்.